மாத்திரை காக்கும் மனை
(ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைப்பும் பயனும்)

முன்னுரை

எழுத்து என்பதற்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு நிலை உண்டு. வரிவடிவைக் காக்க நமக்கு ஓலை வாய்த்தது, பின்னர்த் தாள் வாய்த்தது, அச்சு வாய்த்தது. சுவடிகளைத் தேடி ஊர்தோறும் அலைந்த பெருமக்களின் உழைப்பால் சங்கத்தமிழ் இன்று நம் கைகளில் தவழ்கிறது. ஆயின் ஒலிவடிவைக் காத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் வழி, 1877ஆம் ஆண்டு வரை உலகில் எவர்க்கும் வாய்க்கவில்லை. இளங்கோவடிகளின் சொல் நம்மிடம் உள்ளது. அவர்தம் குரல் நம்மிடம் இல்லை.

ஒலியைக் காக்கும் கருவி இன்று மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் உள்ளது. எனினும் கருவி மட்டும் இருந்தால் ஒலி காக்கப்பட்டுவிடும் என்று கருதுதல் பிழை. இதனை யாம் ஓர் இழப்பின் வாயிலாகவே கற்றோம். அதனை முதற்கண் உரைத்து, பின்னர் ஒலிப்பதிவுக் கூடம் எவ்வாறு அமைகிறது, எவ்வாறு பயன்படுகிறது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

யாம் இழந்த ஒரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுக்கும் பணியில் எம் துறை மாணவர்கள் ஈடுபட்டிருந்தனர். எண்பது அகவை கடந்த ஓர் அம்மையாரைக் கல்லூரிக்கு அழைத்து வந்தனர். தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியுமாக இரண்டு மணி நேரம் அவர் பாடினார். “பாட்டி, இன்னும் ஒன்று” என்று மாணவர் வேண்ட, “தொண்டை வத்திப்போச்சு ராசா, ஒரு வாய் காப்பி குடுங்க, பாடுறேன்” என்று கூறி மீண்டும் பாடினார். நல்ல கருவியை வாடகைக்குப் பெற்று, கல்லூரியின் பெரிய மண்டபத்தில் மேடையமைத்து, மின்விசிறிகளைச் சுழலவிட்டு, அனைத்தையும் பதிந்தோம்.

பாடல்களை ஏட்டில் எழுத அமர்ந்தபோதுதான் இடர் புலப்பட்டது. தாலாட்டு ஒன்றில் தாய்மாமன் வரும் வழியில் உள்ள ஒரு குளம் வருணிக்கப்படுகிறது. அக்குளத்தின் கரையில் நிற்பது வாழையா, அதன் நீரில் பாய்வது வாளையா என்று தெளியக்கூடவில்லை. இரண்டும் பொருளுக்குப் பொருந்தும். அவ்வூரில் ழகரத்தை ளகரமாக ஒலிப்போர் மிகுதி. அம்மையாரோ இரண்டையும் பிரித்தொலிக்கும் இயல்பினர். எனவே அவ்விடத்தில் அவர் ஒலித்தது எது என்பது, அப்பகுதியின் மொழி வரலாற்றை ஆய்வோர்க்கு மிகவும் வேண்டிய செய்தி. நூறு முறை கேட்டோம். ஐந்து பேர் வாழை என்றனர். நால்வர் வாளை என்றனர்.

அம்மையாரையே கேட்டுத் தெளியலாம் என்று தை பிறந்தபின் அவ்வூர்க்குச் சென்றோம். அவர் மறைந்து நாற்பது நாள் கடந்திருந்தது.

கருவியின் மீது பழி கூறிக்கொண்டிருந்த எமக்கு, சென்னையில் ஒலிப்பதிவாளராகப் பணியாற்றும் எம் முன்னாள் மாணவர் ஒருவர் உண்மையை உணர்த்தினார். பதிவைச் செவியில் வாங்கிய அவர், “ஐயா, கருவியிலே குறை இல்லை. நீங்க பாட்டியைப் பதியலை, மண்டபத்தைப் பதிஞ்சிருக்கீங்க” என்றார். பின்னர்த் தாம் பணிபுரியும் கூடத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். இக்கட்டுரையிற் கூறப்படும் செய்திகளிற் பல அன்று யாம் கண்டும் கேட்டும் அறிந்தவை.

உயிர் நீள மெய் மறைதல்

மண்டபத்தைப் பதிதல் என்பது யாது? தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று விளக்குகிறார். எழுத்து வாயினின்று வெளிப்படும் வரை உள்ள நிலை அது. வெளிப்பட்ட பின் அவ்வெழுத்துக்கு நேர்வது யாது என்பதே ஒலிப்பதிவாளரின் கவலை.

ஒலி, காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அது நேரே செவியை அடைவதோடு நில்லாமல் சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பித் திரும்பி வருகிறது. சுவர் 17 மீட்டர் தொலைவில் இருந்தால் ஒலி சென்று மீள வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது. அப்போது அது தனித்த எதிரொலியாகக் கேட்கிறது. சுவர்கள் அண்மையில் இருப்பின், திரும்பும் ஒலிகள் பல்லாயிரமாய்ப் பின்னிப் பிணைந்து, முதல் ஒலியின் வாலாக நீள்கின்றன. இதனை எதிர்முழக்கம் என்பர்.

இதனை முதன்முதலில் கணக்கிட்டு ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். அங்குப் புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. குறையைக் களையும் பொறுப்பு 1895இல் சபைனிடம் ஒப்படைக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின், நகரின் ஓசை அடங்கிய வேளையில், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். வெறும் மண்டபத்தில் ஒரு சொல் அடங்க ஏறத்தாழ ஐந்தரை வினாடி ஆயிற்று. மெத்தைகள் கூடக்கூட அந்நேரம் குறைந்தது. அறையின் கொள்ளளவு மிகுந்தால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு மிகுந்தால் குறுகும் என்னும் விதி இவ்வாறு பிறந்தது. ஒலி, பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தேயும் நேரமே இன்று எதிர்முழக்க நேரம் எனப்படுகிறது. நல்ல இசையரங்கில் இது இரண்டு வினாடியை ஒட்டி அமையும். பேச்சைப் பதியும் சிற்றறையில் கால் வினாடி அளவே இருக்கும்.

இதனைத் தமிழிலக்கணத்தோடு பொருத்திப் பார்த்தால் எம் மண்டபத்தில் நிகழ்ந்தது தெளிவாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது நாம் அறிந்தது. மாத்திரையாவது கண்ணிமைக்கும் அல்லது கை நொடிக்கும் பொழுது. இயல்பாகப் பேசுகையில் ஒரு வினாடிக்குள் நான்கைந்து அசைகள் நம் வாயினின்று வெளிப்படுகின்றன. ஐந்தரை வினாடி முழங்கும் மண்டபத்தில் இருபதுக்கு மேற்பட்ட அசைகள் ஒரே நேரத்தில் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அங்குக் குறிலும் நெடிலாகிறது, நெடிலோ அளபெடையாகிறது. பேச்சின் வலிமை பெரிதும் உயிரொலிகளில் உள்ளது. சொல்லின் தெளிவோ பெரிதும் மெய்யொலிகளில் உள்ளது. வலிய உயிரின் வால், அடுத்து வரும் மெலிந்த மெய்யின் மேல் விழுந்து அதனை மூடிவிடுகிறது. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ழகரத்தையும், நாவிளிம்பு தடித்து அண்ணத்தை வருடப் பிறக்கும் ளகரத்தையும் பிரித்துக் காட்டும் நுண்மை, முன்னின்ற ஆகாரத்தின் முழக்கத்தில் அமிழ்ந்துபோயிற்று. வாழையும் வாளையும் ஒன்றாயின.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் அரங்கம் அமைக்கும் முறை கூறப்படுகிறது. குற்றமற்ற நிலம் தேர்ந்து, இருபத்துநான்கு விரல் அளவுள்ள கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாய் மேடை அமைத்து, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கினை நிறுத்தினர் என அறிகிறோம். அக்காலத்தவர் இன்றைய ஒலியியலை அறிந்திருந்தனர் என்று வாதிடுவது எம் கருத்தன்று. ஆயின் ஒரு கலைக்கு இடம் அமைப்போர் முதலில் நீக்க வேண்டியது நிழலை என்னும் தெளிவு அங்கு உள்ளது. எதிர்முழக்கம் ஒலியின் நிழல். அந்நிழல் விழாத அரங்கே ஒலிப்பதிவுக் கூடம்.

ஒலிப்பதிவின் வளர்ச்சி

எடிசன் 1877இல் வெள்ளீயத்தகடு சுற்றிய உருளையில் ஒலியைப் பதித்து மீட்டார். எமில் பெர்லினர் 1887இல் தட்டையான இசைத்தட்டுக்கு வழி கண்டார். 1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவிற்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அக்காலத்தில் மின்சார ஒலிவாங்கி இல்லை. பெரிய ஊமத்தம்பூ வடிவிலான குழலுக்குள் உரக்கப் பாட வேண்டும். மூன்று நிமிட அளவிற்குள் பாடலை முடித்தாக வேண்டும்.

1925இல் ஒலிவாங்கியும் மின்சாரப் பதிவும் நடைமுறைக்கு வந்தன. குழல், மெல்லிய ஓசைகளை விட்டுவிடும். ஒலிவாங்கியோ குரலின் நுண்மையோடு அறையின் குறையையும் வாங்கிவிடும். ஆதலின் கருவி கூர்மையுற்றபோது நல்ல அறையின் தேவையும் மிகுந்தது. இலண்டனில் அபே சாலையில் இருந்த ஒரு பழைய மாளிகையை 1929இல் வாங்கிய கிராமபோன் நிறுவனம், அதன் பின்புறத் தோட்டத்தில் பதிவரங்குகளைக் கட்டியது. 1931 நவம்பரில் இசைமேதை எட்வர்டு எல்கர் பெரிய அரங்கில் இலண்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தி அதனைத் தொடங்கி வைத்தார். பேரிசைக்குழுவுக்கு ஒன்று, சிறு குழுவுக்கு ஒன்று, தனியிசைக்கு ஒன்று என மூன்று அளவில் அரங்குகள் அமைந்தமை கருதத்தக்கது. ஒலியின் இயல்புக்கேற்ப அறை வேறுபட வேண்டும் என்பதை அக்கூடம் உணர்ந்திருந்தது.

அங்கு மற்றொரு புதுமையும் உண்டு. பதிவரங்கின் நிழலற்ற ஒலியை வேறொரு வெற்றறைக்கு அனுப்பி, அங்கு ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து, அவ்வறையின் முழக்கத்தை ஓர் ஒலிவாங்கியால் எடுத்து, வேண்டிய அளவு மட்டும் பாடலோடு கலந்தனர். நிழலை முற்றாக நீக்கிய பின் அளந்து சேர்க்கலாம். முன்னரே படிந்துவிட்ட நிழலைப் பிரித்தெடுத்தல் மிக அரிது. இவ்வுண்மை அன்றும் இன்றும் மாறவில்லை.

கூடத்தின் அமைப்பு

ஒலிப்பதிவுக் கூடம் இரு வேறு பணிகளைச் செய்தாக வேண்டும். வெளியோசை உள்ளே புகாமல் தடுத்தல் ஒன்று. உள்ளோசை உள்ளேயே முழங்காமல் அடக்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குவோர் பலர். முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் தெருவோசை நின்றுவிடும் என்று நம்புவது இம்மயக்கத்தின் விளைவு. எடையற்ற அட்டை வெளியோசையைத் தடுக்காது. உள்ளோசையையும் ஒரு சிறிதே மாற்றும்.

வெளியோசையைத் தடுப்பது எடையும் இடைவெளியும் ஆகும். பரபரப்பான சாலையோரத்தில் ஓசை 70, 80 டெசிபல் அளவில் இருக்கும். நல்ல கூடத்தினுள் அது 20 டெசிபலை ஒட்டி இருத்தல் வேண்டும். சுவரின் தடிமனை இருமடங்காக்கினாலும் ஏறத்தாழ 6 டெசிபல் மட்டுமே கூடுதலாகத் தடுக்கப்படும். எனவே ஒரே சுவரைப் பெருக்கிக்கொண்டே செல்வதில் பயனில்லை. மாறாக, அறைக்குள் அறை கட்டுவர். உள்ளறையின் சுவரும் கூரையும் வெளியறையைத் தொடுவதில்லை. தரையும் இரப்பர்த் துண்டுகள் அல்லது சுருள்விற்களின் மேல் மிதக்கிறது. இடையில் உள்ள காற்றும் கண்ணாடிப் பஞ்சும் அதிர்வைக் கடத்தாமல் நிற்கின்றன. ஓரிடத்தில் ஓர் ஆணியோ குழாயோ இரு சுவர்களையும் இணைத்துவிட்டால் அவ்வழியே அதிர்வு புகுந்துவிடும்.

கதவு இரண்டு, இடையே ஆள் நிற்கும் அளவு சிறு இடைகழி. ஒரு கதவைச் சாத்திய பின்னரே மறு கதவைத் திறப்பர். கதவின் விளிம்பெங்கும் இரப்பர்ப் பட்டை பொருந்தியிருக்கும். காற்றுப் புகும் இடமெல்லாம் ஒலியும் புகும் என்பதே இதற்குக் காரணம். குளிர்பதனப் பொறி தொலைவில் நிறுத்தப்பட்டு, அகன்ற குழாய்களின் வழியே குளிர்காற்று மெல்ல வரவிடப்படுகிறது. குறுகிய வழியே விரைந்து வரும் காற்று இரைச்சலிடும். சென்னையில் கோடை நாளிலும் பதிவின்போது பொறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு பாடி முடித்து, மீண்டும் இயக்கும் சிறு கூடங்களும் உண்டு.

இனி உள்ளோசையை அடக்குதல். மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 17 மீட்டர். மிக உயர்ந்த ஒலிக்கோ 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. யானையையும் எறும்பையும் ஒரே வலையால் பிடிக்க இயலாதது போல, இவையனைத்தையும் ஒரே திரைச்சீலையால் அடக்க இயலாது. மெல்லிய துணியும் கம்பளமும் உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கும். தாழ்ந்த ஒலிகள் எஞ்சிநின்று உறுமும். ஆதலின் துணி போர்த்த தடித்த கண்ணாடிப் பஞ்சுப் பலகைகளைச் சுவரிலும், மிகத் தடித்தவற்றைத் தாழ்ந்த ஒலிகள் திரளும் மூலைகளிலும் அமைப்பர். ஒலியை முற்றும் விழுங்கிவிட்டால் பாடுவோர்க்குத் தம் குரல் செத்த குரலாகத் தோன்றும். எனவே சில இடங்களில் மேடுபள்ளமான மரப்பரப்புகளை வைத்து ஒலியைப் பல திசைகளிலும் சிதறச் செய்வர்.

அறையின் அளவும் கருதத்தக்கது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒத்திருத்தல் ஆகாது. 3.4 மீட்டர் இடைவெளியில் எதிரெதிர் நிற்கும் இரு சுவர்களுக்கிடையே, வினாடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுள்ள ஒலி தங்கிப் பெருகும். மூன்று திசையிலும் அதே அளவு இருந்தால் அவ்வொரு சுரம் மட்டும் மும்மடங்கு வலிமையோடு வீங்கி நிற்கும். இதனால் அளவுகளை வேறுபடுத்துவர். சுவர்களைச் சற்றே சாய்த்தும் கட்டுவர். எம் மாணவர் அறையின் நடுவில் நின்று கையை ஒருமுறை தட்டினார். ஓசை எழுந்தது, அவ்வளவில் முடிந்தது. அதே கைதட்டலை எம் கல்லூரி மண்டபத்தில் கேட்டிருந்தால் அன்றே விழித்திருப்போம்.

கட்டுப்பாட்டு அறை

பாடும் அறைக்கு அடுத்ததாகக் கட்டுப்பாட்டு அறை அமைகிறது. இடையில் உள்ள சாளரம் இரு கண்ணாடிகளால் ஆனது. ஒன்று தடித்தது, மற்றொன்று அதனினும் மெல்லியது. தடிமன் ஒத்திருப்பின் இரண்டும் ஒரே ஒலிக்கு ஒருங்கே அதிரும். ஒலிப்பதிவாளர் பாடுவோரைக் கண்ணால் காண்கிறார். செவியால் ஒலிபெருக்கியின் வழியாக மட்டுமே கேட்கிறார். இரு ஒலிபெருக்கிகளும் அவரும் முக்கோணத்தின் மூன்று முனைகளாக, ஒத்த தொலைவில் அமைகின்றனர். இல்லங்களில் உள்ள இசைப்பெட்டிகள் கேட்போர்க்கு இனிமை தருமாறு ஒலியை மெருகேற்றும். இங்குள்ளவை குறையைக் குறையாகவே காட்டும். புலமை அவையில் நூலை அரங்கேற்றுவது போன்றது இது.

மேசைமேல் விரிந்து கிடப்பது மிக்சர் எனப்படும் கலவைப் பலகை. ஒவ்வோர் ஒலிவாங்கிக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. வலிமை, தாழ்வு உயர்வு, இடம் வலம் ஆகியவற்றை வரிசைதோறும் தனித்தனியே ஒழுங்கு செய்யலாம். இன்று இப்பணியிற் பெரும்பகுதியைக் கணினியே செய்துவிடுகிறது. குரல் வினாடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளக்கப்பட்டு எண்களாகிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. இன்றைய கூடங்களில் படிகள் அதனினும் பன்மடங்கு நுண்ணியவை.

ஒலிவாங்கியும் வல்லினமும்

மைக் என்று நாம் வழங்கும் ஒலிவாங்கி பல வகைப்படும். கம்பிச்சுருள் அசைந்து மின்சாரம் பிறப்பிக்கும் டைனமிக் மைக், மேடையின் அடியையும் இடியையும் தாங்கும். இரு மெல்லிய தகடுகளின் இடைவெளி மாறுபாட்டால் இயங்கும் கண்டன்சர் மைக், மூச்சின் நுண்மையையும் வாங்கும். அதற்கு வெளியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும். எல்லாத் திசையும் கேட்பவை, முன்புறம் மட்டும் கேட்பவை, முன்னும் பின்னும் கேட்டுப் பக்கவாட்டை விடுபவை எனச் செவிமடுக்கும் திசையாலும் அவை வேறுபடும்.

இலக்கணம் பயின்றோர் இங்கு எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. இதழ் இரண்டும் பொருந்தி, காற்றை அடைத்து விடுத்தலால் பிறப்பது பகரம். சொல்லின் முதலில் அது வருகையில் விடுபடும் காற்று ஒலிவாங்கியின் மேல் மோதி ‘தொப்’ என்னும் அதிர்வை எழுப்பும். இதனைத் தடுக்க வட்ட வளையத்தில் மெல்லிய வலைத்துணி கட்டி வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே நிறுத்துவர். வாயை நேராக வையாமல் சற்றே பக்கமாக வைத்துப் பாடுதலும் உண்டு. சகரம் சீறாமல் இருக்க ஒலிவாங்கியைச் சிறிது மேலே உயர்த்துவர். எழுத்தின் பிறப்பை அறிந்தவர், ஒலிவாங்கியை வைக்கும் இடத்தையும் எளிதில் அறிவர்.

பதிவு நடைபெறும் முறை

தமிழ்த் திரையுலகில் நெடுங்காலம், பாடகரும் இசைக்கலைஞர் அனைவரும் ஒரே கூடத்தில் ஒருசேர இருந்து பாடலைப் பதிந்தனர். இறுதி அடியில் ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்முறையில் இடர் மிகுதி. ஆயினும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு இசைத்த ஒருமைப்பாடு அப்பாடல்களில் உண்டு.

பின்னர்ப் பல்தடப் பதிவு வந்தது. ஒரே நாடாவில் பக்கம் பக்கமாகப் பல தடங்கள்; ஒவ்வொரு தடத்திலும் ஒவ்வொரு கருவி. பீட்டில்ஸ் குழுவினர் தம் முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதியை அபே சாலைக் கூடத்தில் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில், இருதட நாடாவில் பாடி முடித்தனர். 1967இல் வெளிவந்த அவர்களின் புகழ்பெற்ற தொகுப்போ நான்குதட நாடாக்களில் பல மாதங்கள் அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்கப்பட்டது. நான்காண்டுகளில் பணிமுறை அவ்வளவு மாறிற்று. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 1989இல் தம் இல்லத்தின் பின்புறத்தில் அமைத்த சிறு கூடம், 1992இல் ‘ரோஜா’ பாடல்களின் வாயிலாக, பெருங்கூடம் இன்றியும் பேரிசை பிறக்கும் என்பதைத் தமிழகத்திற்குக் காட்டிற்று.

இன்று ஒரு பாடல் கடக்கும் படிகள் நான்கு. முதலாவது பதிதல், காதணி ஒலிபெருக்கியில் தாளத்தைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியே பாடவும் இசைக்கவும் செய்வர். இரண்டாவது தொகுத்தல், பல முறை பாடியவற்றுள் நல்லவற்றைத் தேர்ந்து இணைப்பர். நாடாக் காலத்தில் சவரத் தகட்டால் நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டினர். மூன்றாவது மிக்சிங் எனப்படும் கலத்தல். நான்காவது மாஸ்டரிங், எல்லாக் கருவியிலும் செம்மையாக ஒலிக்குமாறு இறுதி வடிவம் தருதல்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். சுருதி விலகிய குரலைச் சரியான இடத்தில் நிறுத்தும் கணினி நிரல் 1997இல் வந்தது. திரைப்பாடலுக்கு அது பயன்படலாம். நாட்டுப்புற முதியோரின் குரலில் அதனைப் புகுத்துதல், பதிப்பாசிரியர் தமக்கு விளங்காத பாடத்தை அடித்துவிட்டுத் தாமே ஒரு சொல்லைச் செருகுவதற்கு ஒப்பாகும். அம்மையாரின் சுருதி விலகல் அவர் மரபின் சுருதியாகவும் இருக்கலாம். மூலத்தைத் தொடாது வைத்துவிட்டு, படியெடுத்ததில் மட்டும் இரைச்சல் நீக்கம் முதலியன செய்தல் வேண்டும். சுவடிப் பதிப்பில் நாம் போற்றும் அறம் ஒலிப்பதிவுக்கும் உரியது.

சிற்றறையில் செய்யத்தக்கன

பெருங்கூடம் அமைக்கப் பொருள் வேண்டும். ஆயின் அதன் நெறிகளைச் சிற்றறையிலும் பின்பற்றலாம். எம் மாணவர் எமக்குக் கூறியவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. சாலையை நோக்காத, கூரை தாழ்ந்த உள்ளறையைத் தேர்க. மண்டபமும் வகுப்பறையும் வேண்டா.

2. நூல்கள் நிறைந்த அலமாரிகளும், மெத்தை, போர்வை, தடித்த திரைகளும் உள்ள அறை நன்று. அறையின் நடுவில் நின்று கைதட்டிப் பார்த்து, ஓசை உடனே அடங்குகிறதா எனக் காண்க.

3. மின்விசிறி, குளிர்பதனப் பொறி, ஒளிர்குழாய் விளக்கு ஆகியவற்றை நிறுத்துக. கைப்பேசியின் அழைப்புகளை அடக்குக.

4. ஒலிவாங்கி வாயினின்று ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கமாக இருத்தல் வேண்டும். தொலைவு மிகுந்தால் அறையின் ஒலி ஓங்கும், குரல் தாழும்.

5. ஒலியளவு உச்சவரம்பைத் தொடாமல் இடம் விட்டு வைக்க. வரம்பு கடந்து சிதைந்த ஒலியைச் செம்மையாக மீட்டல் அரிது.

6. தொடக்கத்தில் பாடுவோரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் கூறிப் பதிக. பின்னர் அரை நிமிடம் எவரும் பேசாத அறையின் அமைதியையும் பதிக. இரைச்சலை நீக்குவோர்க்கு அது பயன்படும்.

7. சுருக்கப்படாத வடிவில் சேமித்து, மூன்று படிகள் எடுத்து, ஒன்றனை வேறோர் இடத்தில் வைக்க.

8. எல்லாவற்றினும் இன்றியமையாதது, பாடியவர் விடைபெறும் முன் அவர் அருகிலேயே அமர்ந்து ஒருமுறை முழுதும் கேட்டு, ஐயமுள்ள சொற்களை வினவித் தெளிதல். இவ்வொன்றைச் செய்திருந்தால் எம் மண்டபத்தின் பிழையையும் கடந்திருப்போம்.

முடிவுரை

ஒலிப்பதிவுக் கூடம் திரைப்பாடலுக்கு மட்டும் உரிய இடம் என்னும் எண்ணம் நம்மிடையே உள்ளது. எழுத்தின் மாத்திரை கெடாமல், உயிர் மெய்யை விழுங்காமல், பாடுவோரின் குரலை அவர் ஒலித்தவாறே வாங்கி வைக்கும் மனை அது. மொழி பயிலும் துறைக்கு நூலகம் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை இத்தகைய ஓர் அறை. வட்டார வழக்குகள் விரைந்து தேய்ந்துவரும் இந்நாளில், தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் அறிந்த முதியோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உள்ளனர். சுவடி கரையான் வாய்ப்பட்டாலும் சில ஏடுகளேனும் எஞ்சும். குரல் அவ்வாறு எஞ்சுவதில்லை.

எம் துறை நூலகத்தை அடுத்துள்ள பழைய பொருள் அறை, சாளரமின்றி மூன்று பக்கமும் தடித்த சுவர்களோடு அமைந்துள்ளது. இவ்வாண்டு மாணவர்கள் அதனைத் தூய்மை செய்து, பழைய மெத்தைகளையும் அலமாரிகளையும் இட்டுக் கைதட்டிப் பார்த்திருக்கிறார்கள். இரட்டைக் கதவும் நல்லதோர் ஒலிவாங்கியும் மட்டும் இன்னும் வேண்டும். இம்மலரைப் படிக்கும் முன்னாள் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக. தத்தம் இல்லத்து முதியோரை ஒருநாள் இங்கு அழைத்து வருதல் அதனினும் பெரிய உதவியாகும்.

அம்மையாரின் தாலாட்டை எம் தொகுப்பில் சேர்த்துள்ளோம். அக்குளத்தின் வருணனையில் ஒரு சொல்லுக்கு உரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, அடிக்குறிப்பில் ‘வாழை அல்லது வாளை, பதிவில் தெளிவில்லை’ என்று எழுதியுள்ளோம். அத்தகைய அடிக்குறிப்பை இனி எழுத நேராமல் காத்துக்கொள்வது நம் கடமையாகும்.